மதகு தானாகத் திறக்கும்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. செய்தவள் தாரணி, என் அறைத்தோழி. மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சார்ஜர். அவள்தான் ஊர் உலகம் எல்லாம் பார்க்கிற இடத்தில், என் யோசனைக்குக் கீழே போய், ‘வேண்டாம்’ என்று ஒற்றை வார்த்தையை வைத்துவிட்டு வந்தாள். காரணம் இல்லை. விளக்கம் இல்லை. எதிர்த்து வாதம் செய்தாலாவது பதில் சொல்லலாம். வெறுமனே ‘வேண்டாம்’ என்கிறவளிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

இல்லை, அழவில்லை. ஜன்னல் காற்று கண்ணில் அடிக்கிறது. நீங்கள்தான் கேட்டீர்கள், “ஏங் கண்ணு, பல்லடத்துல இருந்து தனியாப் பேசிக்கிட்டே வர்றே”ன்னு. கேட்டதற்கு நன்றி. இத்தனை நாளாக ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மிக்ஸியை வேண்டுமானால் இப்படிக் கொடுங்கள், கொஞ்ச நேரம் என் மடியில் இருக்கட்டும். வெள்ளகோவில்தானே உங்களுக்கும்? நானும் அங்கேதான் இறங்கவேண்டும்.

அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். படிப்பதற்கு லீவு விட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போன் எடுப்பதில்லை. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்கப்போகிறேன். இன்றைக்குள் அவள் அந்த ‘வேண்டாம்’ என்பதை எடுத்தாகவேண்டும். எடுக்காவிட்டால் என் யோசனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விடும். அடுத்த வருடம் எங்கள் அறையில் இருக்கிற மூன்று பேரும் சேர்ந்து இருக்கப்போவதில்லை, அதை யார் எடுத்து நடத்துவார்கள்? செத்துப்போகும். என் உழைப்பு அப்படியே செத்துப்போகும்.

விஷயம் என்னவென்றால், ஒரு விளையாட்டு. கம்ப்யூட்டரில் விளையாடுவது. அப்படிப் பார்க்காதீர்கள், எங்கள் ஹெச்.ஓ.டி.யும் இதே மாதிரிதான் பார்த்தார். சுட்டுத்தள்ளுகிற விளையாட்டு இல்லை இது. தொழிற்சாலை கட்டுகிற விளையாட்டு. ஆளில்லாத ஒரு நிலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கையில் ஒரு கடப்பாரை. பாறையை உடைத்து, தாது எடுத்து, உலை போட்டு, இரும்பு காய்ச்சி, அந்த இரும்பில் ஒரு எந்திரம் செய்து, அந்த எந்திரத்தை வைத்து இன்னும் பெரிய எந்திரம் செய்து, இப்படியே போய்க்கொண்டிருக்கும். பெல்ட் ஓடும், ரயில் ஓடும், கடைசியில் பார்த்தால் ஒரு திருப்பூரே எழுந்து நிற்கும். சம்பளமா? சம்பளமெல்லாம் கிடையாது அக்கா. நாம்தான் காசு கொடுத்து அந்த விளையாட்டை வாங்கவேண்டும். ஆமாம், காசும் கொடுத்து வேலையும் செய்கிறோம். எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்வார்.

அந்த விளையாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. நிலக்கரி எடுத்தால் தீரும். தாது தீரும். மின்சாரம் போதாவிட்டால் உலை அணைந்துபோகும். அவ்வளவு நேர்த்தி. ஆனால் தண்ணீர்? ஏரிக்கரையில் ஒரு பம்பைக் கொண்டுபோய் வைத்தால் சரி. அதற்குப் பிறகு காலம் முழுவதும் தண்ணீர். ஏரி ஒரு விரல்கடை இறங்காது. அதே தண்ணீரைக் குழாயில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோங்கள், அதே வேகத்தில் ஏறும். தாது கழுவிய சேற்றுத் தண்ணீர் எங்கே போகிறது? எங்கேயும் போகாது. மாயமாகிவிடும். மூன்றாம் வருடம் சிவில் படிக்கிறவள் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியுமா? இரும்புக்கு இவ்வளவு மரியாதை, தண்ணீருக்கு ஒரு மரியாதையும் இல்லையா?

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவேண்டியதில்லை. அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு நான்கு தண்ணீர் லாரி ஓடுகிறது. சித்திரை வெயிலிலும் எங்கள் போர் நிற்காது. சுற்றிலும் இருக்கிற தோட்டத்துக் கிணறெல்லாம் வறண்டு கிடக்கும், எங்களுடையது மட்டும் கொட்டும். அப்பாவுக்குக் கைராசி. அப்படித் தண்ணீரிலேயே வளர்ந்தவள் நான்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். பன்னிரண்டு பக்கம். படத்தோடு. ஆறு என்றால் ஓடவேண்டும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. மேலே ஒருத்தர் எடுத்தால் கீழே குறையவேண்டும். மழைக்காலம் வரவேண்டும், வெயில்காலம் வரவேண்டும், வாய்க்கால் திறந்து கிடந்தால் ஆவியாகவேண்டும். உலையைக் குளிர வைத்த சுடுதண்ணீரை ஆற்றில் விட்டால் கீழே இருக்கிறவருக்குச் சுடுதண்ணீர்தான் போய்ச் சேரவேண்டும், அவர் உலையை அது குளிர வைக்காது. சேற்றை வடிகட்டக் குட்டை கட்டவேண்டும், கட்டாவிட்டால் வண்டல் சேர்ந்து அணை மேடாகிப்போகும். அப்புறம் நிலத்தடி நீர். அதுதான் எனக்கே ரொம்பப் பிடித்த பகுதி. ஒருத்தர் ஆழமாகப் போர் போட்டால் பக்கத்தில் இருக்கிறவர் கிணற்றில் மட்டம் இறங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம், எல்லாவற்றுக்கும் சூத்திரம் எழுதிக் கொடுத்தேன். நாற்பது நாட்டுக்காரர்கள் படித்துவிட்டுக் கைதட்டினார்கள் அக்கா. பிரேசிலிலிருந்து ஒருத்தர், “இதைப் படித்ததும் எனக்குத் தாகம் எடுத்தது”ன்னு எழுதியிருந்தார்.

அந்த விளையாட்டை நடத்துகிறது ஒரு சின்ன வெளிநாட்டுக் கம்பெனி. வருடத்துக்கு ஒரு தடவை, விளையாடுகிறவர்கள் சொல்கிற யோசனைகளில் ஒன்றை எடுத்து விளையாட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். ஆனால் எழுதினால் மட்டும் போதாது. அந்த யோசனையை ஒரு சின்ன நிரலாக எழுதி விளையாட்டின்மேல் ஒட்டவேண்டும். ஒரு குழு அதை விளையாடிப் பார்க்கவேண்டும். பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் வந்து இரண்டு பொத்தானில் ஒன்றை அழுத்தவேண்டும். ‘வைக்கலாம்’, இல்லாவிட்டால் ‘வேண்டாம்’. வெளியே ஆயிரம் பேர் கைதட்டினாலும் சரி, விளையாடிப் பார்த்த குழுவில் ஒரே ஒருத்தர் ‘வேண்டாம்’ என்றால் அது அப்படியே நின்றுவிடும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், ஷபானா, தாரணி. ஷபானா சேலத்துப் பெண், மின்சாரமும் ரயிலும் அவள் பொறுப்பு. எனக்கு இரும்பும் செம்பும். தாரணி கண்ணாடி ஆலை வைத்திருந்தாள். மணலைக் கழுவி, உருக்கி, கண்ணாடி. நல்ல வேலைக்காரிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாதிரி. பம்பைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் வைப்பாள், வைத்துவிட்டு அங்கேயே நிற்பாள். தண்ணீர் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு. பம்பைச் சுற்றிலும் மரம் நடுவாள். அந்த விளையாட்டில் மரத்தால் ஒரு பைசா உபயோகம் இல்லை! ஆலைக்கு நடுவில் ஒரு குளம் வெட்டினாள், எதற்கும் இணைக்காத ஒரு குளம். “இது எதுக்குடி?”ன்னு கேட்டேன். “சும்மா. தண்ணி நிக்கட்டுமே”ன்னாள். “எடத்தை அடைக்குதுடி”ன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் விளையாடுவது அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன், அவளுக்கு இந்த யோசனையின் அருமையே புரியவில்லை.

நான் நிரலை எழுதி முடித்து ஒட்டினேன். ஏரி போய் ஆறு வந்தது. நிஜ ஆறு அக்கா, மேலே மலையில் தொடங்கி வளைந்து வளைந்து ஓடுகிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. யார் எங்கே உட்காருவது என்று பேசினோம். சோதித்துப் பார்க்கிறவள் நான், அதனால் ஆற்றின் தலையில் நான் இருக்கவேண்டும், இல்லையா? ஷபானாவின் அனல்மின் நிலையம் எனக்கு அடுத்து. அவள் கரண்ட் கொடுத்தால்தான் என் உலை எரியும். தாரணி கடைசி. அவள் ஆலை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது, நானாகக் கொண்டுபோய் வைக்கவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அணை கட்டினேன். அணைக்கு ஒரு மதகு. அந்த மதகைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். கையால் திறந்து மூடுகிற மதகு வைத்திருந்தால், நான் எனக்குச் சாதகமாகத் திறந்தேன், மூடினேன் என்று பேச்சு வரும். அதனால் தானாகத் திறக்கிற மதகு வைத்தேன். அணைக்குப் பின்னால் தேங்குகிற குளம் நிரம்பினால் மதகு திறக்கும். நிரம்பாவிட்டால் திறக்காது. இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்கமுடியுமா? மனிதர்களே இதில் இல்லை.

இடையில் உற்பத்தி கூடியதால் கரையை உயர்த்தினேன். கூடக் கூட உயர்த்தத்தானே வேண்டும்? உயர்த்தினால் குளத்தின் கொள்ளளவு கூடும், நிரம்பக் கொஞ்சம் நாளாகும், அது இயற்கை. மறுபடி நிரம்பப்போகிற நேரத்தில் செம்பு உலை இன்னும் இரண்டு வரிசை போடவேண்டியிருந்தது, மறுபடி உயர்த்தினேன். ஆனால் விதியை நான் மாற்றவில்லை. கடைசிவரை ஒரே விதிதான். குளம் நிரம்பினால் மதகு தானாகத் திறக்கும்.

நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்துதான் விளையாடுவோம், ஆனால் காதில் ஹெட்போன், அதனால் விளையாட்டுக்குள்ளேயே எழுதித்தான் பேசிக்கொள்வோம். அவள் எழுதினாள்.

“இலக்கி, ஆத்துல தண்ணி வரல.”

“வரும். குளம் நிரம்பினா மதகு தானாத் திறக்கும்.”

“எப்ப நிரம்பும்?”

“அளவுமானியைப் பாரு.”

“அது உனக்குத்தான் தெரியுது. என் பக்கத்துல ஒண்ணும் காட்டல.”

அது உண்மைதான். அணை கட்டியவர் மட்டும் பார்க்கிற மாதிரிதான் அளவுமானியை வைத்திருந்தேன். கட்டியவருக்குத்தானே பொறுப்பு? ஆளாளுக்குப் பார்த்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பிறகு ஒரு தடவை எழுதினாள், “கொஞ்சம் விடேன்டி. மணல் கழுவ மட்டும்.” நான் அவளுக்கு ஒரு வரைபடம் போட்டு அனுப்பினேன். வரத்து எவ்வளவு, செலவு எவ்வளவு, ஆவியாவது எவ்வளவு, ஏன் இப்போது திறக்கமுடியாது, எல்லாம் தெளிவாக. வேறு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? அவள் ‘சரி’ என்று போட்டாள். சரி என்றால் சரிதானே?

என்ன கேட்டீர்கள்? திறந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமா? ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு உலை கொஞ்ச நேரம் நின்றிருக்கும். ஆனால் கேள்வி அது இல்லை அக்கா. கேட்டதும் திறந்துவிட்டால் அப்புறம் அதற்கு விதி என்று பெயரா? தயவு என்று பெயர். தயவில் ஓடுகிற ஆற்றை வைத்து நான் எதை நிரூபிப்பது? சொல்லுங்கள். முந்தானையைச் சரிசெய்கிறீர்கள், பாருங்கள். தாரணியும் இப்படித்தான், இந்த இடம் வந்தால் துணி மடிக்கப் போய்விடுவாள்.

அப்புறம் என் வடிகட்டுகிற குட்டை உடைந்தது. அது என் கணக்குப் பிழை இல்லை, மழைக்காலம் நானே எழுதியதைவிட அருமையாக வேலை செய்துவிட்டது. தாது கழுவிய கறுப்புச் சேறு மொத்தமும் ஆற்றில் இறங்கி அவள் ஆலைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தச் சும்மா குளத்தில் போய் நின்றது. “தண்ணி வரலேன்னே, இப்ப வந்துருச்சு பாரு”ன்னு நான் விளையாட்டாகத்தான் எழுதினேன். ஷபானா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இலக்கி, வாயை மூடு”ன்னாள். எதற்கு என்னைச் சொல்கிறாள்? வராவிட்டாலும் குற்றம், வந்தாலும் குற்றமா?

தாரணி கிணறு வெட்டினாள். தண்ணீர் வந்தது. நான் மேலே போரும் போட்டிருந்தேன், அதைச் சொல்ல விட்டுவிட்டேன், அதனால் கிணற்றில் மட்டம் இறங்கியது. அவள் இன்னும் ஆழமாக வெட்டினாள். இன்னும் இறங்கியது. என் சூத்திரம் ஒரு சொட்டுப் பிசகாமல் வேலை செய்தது அக்கா! நான் சத்தம்போட்டே சொன்னேன், “பாருங்கடி, பாருங்கடி, மட்டம் எறங்குது!”ன்னு. அறையில் ஒருத்தரும் திரும்பவில்லை. ஒரு பெண் கண்டுபிடித்தால் இவ்வளவுதான் மதிப்பு. அதுவும் கூட இருக்கிற பெண்களே கொடுக்கிற மதிப்பு.

அப்புறம் செய்தாள் பாருங்கள் ஒரு வேலை. வெகுதூரத்தில், அந்த நிலத்தின் ஓரத்தில், பழைய ஏரி ஒன்று மிச்சம் இருந்தது. நான் அழிக்க மறந்துவிட்டேன். அங்கே போய்ப் பீப்பாயில் பிடித்து, லாரியில் ஏற்றி, கொண்டுவந்து ஊற்றினாள். மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போவாள், ஊற்றுவாள், திரும்பப் போவாள். எனக்கு முதலில் புரியவில்லை, இவள் ஆலை எப்படி ஓடுகிறது என்று. கண்டுபிடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது ஓட்டை அக்கா. நிரலில் இருந்த ஓட்டை. அதை விட்டுவைத்தால் யாரும் ஆற்றைப் பற்றிக் கவலையே படமாட்டார்கள், ஆளுக்கொரு லாரி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையிலேயே அடைத்துவிட்டேன். பீப்பாயில் இனித் தண்ணீர் பிடிக்கமுடியாது.

அவள் அன்று முழுக்க எந்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்துப் பெட்டிக்குள் அடுக்கினாள், வகைவகையாக, உருளை தனியாக, குழாய் தனியாக. ஷபானாவின் கிடங்குக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகளை வைத்து, ‘யாருக்காவது வேணும்னா எடுத்துக்கலாம்’ என்று ஒரு பலகை நட்டுவிட்டு, லேப்டாப்பை மூடினாள். துணி காயப்போடப் போய்விட்டாள். நான் நினைத்தேன், சரி, பரீட்சை வருகிறது, படிக்கப்போகிறாள் என்று.

இரண்டாம் நாள் பார்க்கிறேன், ‘வைக்கலாம்’ என்று என்னுடையது ஒன்று, ஷபானாவுடையது ஒன்று, அதற்குக் கீழே அவளுடைய ‘வேண்டாம்’. ஷபானாவை அழுத்தவைக்கவே நான் ஒரு பிரியாணி வாங்கித்தரவேண்டியிருந்தது, அது வேறு கதை.

மெஸ்ஸில் வைத்துக் கேட்டேன்.

“ஏன்டி அப்படிப் போட்டே?”

“தோணுச்சு.”

“தோணுச்சுன்னா என்ன அர்த்தம்? காரணம் சொல்லு. என் யோசனையில எந்த எடம் தப்பு? பக்கத்தைச் சொல்லு.”

“தப்பு ஒண்ணும் இல்ல, இலக்கி.”

“தப்பு இல்லேன்னா ‘வைக்கலாம்’தானே போடணும்? அப்ப நீ போட்டது பொய்தானே?”

சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தாள். பக்கத்து மேஜைப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏய், அவ சாப்பிடட்டும்டி. உன் கோர்ட்டை ரூம்ல வெச்சுக்கோ”ன்னாள் ஷபானா.

“இது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. தாரணி, நீ சொல்லு.”

அதற்கு அவள் சொன்னது என்ன தெரியுமா? “நீ பேசினா நீதான் ஜெயிப்பே. என்னை விட்டுரு.” கேட்டீர்களா? அவளே ஒப்புக்கொண்டாள்! ஜெயிப்பது நான் என்று அவளுக்கே தெரிகிறது. தெரிந்தும் பொத்தானை எடுக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் பிடிவாதமா இல்லையா?

அவளுக்கு என்மேல் ஏதோ மனத்தாங்கல். எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை. நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? போன வருடம் அவள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு நானும் வந்திருந்தேன், இதே பஸ்ஸில்தான். வெள்ளகோவிலில் இறங்கி இன்னும் உள்ளே போகவேண்டும். ரொம்ப நல்ல மனிதர்கள். அவள் அம்மா, “வா அம்மிணி, வெயில்ல வந்திருக்கே, மொதல்ல தண்ணி வாத்துக்கோ”ன்னு சொல்லிவிட்டு, தொட்டி நிறைய இருந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் தலைக்குக் குளித்தேன். நல்ல குளிர்ந்த தண்ணீர், மனசே இல்லை வெளியே வர. வெளியே வந்து பார்த்தால் அவள் அம்மாவைக் காணோம். குடத்தை வண்டியில் கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போய்விட்டார், விருந்தாளி வந்திருக்கும்போது! சாயங்காலம்தான் திரும்பி வந்தார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு வீட்டுப் பழக்கம் ஒவ்வொரு மாதிரி. தாரணிதான் அன்று முழுக்க வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள், சிரித்தாள், “அம்மா இப்படித்தான், ஒரு எடத்துல இருக்காது”ன்னாள்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நான் குறையாகச் சொல்லவில்லை.

மிக்ஸி கனக்கவில்லை, இருக்கட்டும்.

அவள் ஊருக்குப் போன பிறகும் நான் விடவில்லை. எழுதினேன். ஒவ்வொரு நாளும் எழுதினேன். கோபமாக இல்லை அக்கா, ஒழுங்காக, பாயிண்ட் பாயிண்ட்டாக. ஒன்று, விளையாட்டு வேறு, நட்பு வேறு. இரண்டு, உன் ஆலை போனது ஒரு சோதனையின் விளைவு, என் விருப்பம் இல்லை. மூன்று, நிஜத்தில் தண்ணீர் இப்படித்தான் இருக்கிறது, நிஜத்தைக் காட்டுவது தப்பா? நான்கு, நீ கஷ்டப்பட்டாய் என்றால் என் யோசனை சரியாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் உன் கஷ்டமே எனக்கு ஆதாரம், நீ ‘வைக்கலாம்’ என்றுதான் போட்டிருக்கவேண்டும். இந்த நாலாவது பாயிண்ட்டை யாராலும் உடைக்கமுடியாது. ஷபானாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி, சிவில்ல வந்து எங்க உசிரை எடுக்கறே”ன்னாள்.

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில்தான் இல்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டட்டும். கத்தட்டும். நான் எழுதியதில் இந்த இடம் ஓட்டை என்று காட்டட்டும். நானும் அடைத்துவிட்டுப் போகிறேன். பேசாமல் இருப்பது ஒரு வாதமா?

கம்பெனிக்காரர்களுக்கும் எழுதிக் கேட்டேன், ஒருத்தர் காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றால் அது எப்படிச் செல்லும் என்று. அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். விளையாடியவர் காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லையாம். அவரே எடுத்தால் ஒழிய அவர்களால் எடுக்கமுடியாதாம். கடைசி நாள் இன்று. அதனால்தான் காலையில் எழுந்ததும் ஷபானாவிடம் ‘தாரணி வீட்டுக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

காங்கேயம் தாண்டிவிட்டோமா? அப்படியானால் பக்கம்தான். என்ன பேசவேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். அவள் அப்பா அம்மா முன்னாடியே பேசினாலும் சரி. நியாயத்துக்கு எதற்கு ஒளிவு மறைவு?

நீங்களும் சொல்லுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டீர்கள். யார்மேல் தப்பு? என்ன அக்கா, சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? “பாவம் அந்தப் புள்ள”யா? எந்தப் பிள்ளை? நானா, அவளா?

இருங்கள், போன் அடிக்கிறது. அடிக்கவில்லை, மெசேஜ். அவளேதான். தாரணிதான்! பார்த்தீர்களா, நேரில் வருகிறேன் என்று தெரிந்ததும் பதில் வருகிறது. நீளமாகத்தான் எழுதியிருக்கிறாள், மூன்று வருடத்தில் இவ்வளவு நீளமாக அவள் எழுதி நான் பார்த்ததே இல்லை. இருங்கள், சத்தமாகவே படிக்கிறேன், நீங்களே சாட்சி.

“இலக்கி, நீ வர்றேன்னு ஷபானா சொன்னா. வா. மத்தியானம் சாப்பாட்டுக்கு உன்னையும் சேர்த்துத்தான் அம்மா ஒலை வெச்சிருக்காங்க. ஆனா நான் போட்ட ‘வேண்டாம்’, அதை எடுக்க மாட்டேன். நீ காரணம் கேட்டுக்கிட்டே இருக்கே, அதனால உன் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. அணை கட்ட பொத்தான் இருக்கு. கரையை ஒசத்த இருக்கு. மதகை வெக்க இருக்கு, போர் போட இருக்கு, தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்க இருக்கு. எல்லாம் மேலே இருக்கறவங்களுக்கு. கீழே இருக்கறவங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. நான் தேடிப் பார்த்தேன். கடைசியில அந்தக் கம்பெனிக்காரங்க ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதை அழுத்தினேன்.”